மதுசாரங் கலந்த பெற்றோலும் மோட்டார் எஞ்சினின் வலுவும்

கரும்பு, சோளம் முதலியவற்றை நொதிக்கச்செய்து வடித்தெடுக்கப்படும் எதனோல் என்னும் மதுசாரம், பெற்றோலுடன் கலக்கப்பட்டு மோட்டார் வண்டிகளுக்கு எரிபொருளாதலை யாவரும் அறிவர். ஆயினும், ஒரு கிலோகிராம் பெற்றோல் ஏறக்குறைய 43 மெகாயூல் வெப்பந்தர, அதே நிறையுடைய எதனோல் 27 மெகாயூலே தருகின்றது. வெப்பங் குறைந்த எரிபொருள் பந்தய வண்டிகளுக்கு மிகுந்த வலுவை அளிப்பது எங்ஙனம்? இவ்வினாவை ஈண்டு ஆராய்வாம்.

எஞ்சினின் வலுவை வரையறுப்பது பெரும்பாலும் அதன் உருளைகள் உள்ளிழுக்கும் வளியின் அளவேயாம். ஒரு கிலோகிராம் பெற்றோல் முற்றாக எரிதற்கு 14.7 கிலோகிராம் வளி வேண்டும். எதனோலுக்கு 9 கிலோகிராமே போதும். ஆகவே, அதே வளியைக்கொண்டு கூடுதலான எதனோலை எரிக்கலாம். கணக்கிட்டு நோக்கின், குறித்த அளவு வளியுடன் எரிந்து இவ்விரண்டுந் தரும் வெப்பம் ஏறத்தாழச் சமமாதல் புலனாகும்.

சமமெனின், மேம்பாடு யாது? முதலாவது, எதனோலின் ஆவியாதல் மறைவெப்பம் பெற்றோலினதைவிட இரு மடங்குக்கு மேற்பட்டது. அது ஆவியாகுங்கால் வளியைக் குளிர்விக்க, வளி அடர்த்தி மிகுந்து உருளையுட் கூடுதலாகப் புகுகின்றது. இரண்டாவது, அதன் ஒக்டேன் எண் ஏறக்குறைய 108. சாதாரண பெற்றோலினது 90 முதல் 95 வரையாகும். சுவாலை வந்தடையுமுன் எஞ்சிய கலவை தானே வெடித்தெரிதல் 'தட்டல்' எனப்படும். இக்கேட்டினை எதனோல் தடுத்தலால், நெருக்கல் விகிதத்தையும் உட்செலுத்தும் வளியின் அமுக்கத்தையும் உயர்த்தலாம். நெருக்கல் விகிதம் உயர வெப்பத்திறனும் உயரும்.

2007 இல் இந்தியனாபொலிசு 500 பந்தயத்தில் வண்டிகள் யாவும் எதனோலிலேயே ஓடின. அவ்வாண்டு சுவீடனில் வெளிவந்த கேனிக்செக் வண்டியொன்று, பெற்றோலில் ஏறத்தாழ 800 பரிவலுவும், 85 வீத எதனோற் கலவையில் 1000 பரிவலுவுக்கு மேலும் தந்தது.

எனினும், எவ்வண்டியிலும் இதனை ஊற்றினால் வலு பெருகுமென எண்ணுதல் தவறாகும். பெற்றோலுக்கென அமைந்த எஞ்சினில் 85 வீதக் கலவையை ஊற்றின், எரிபொருள் போதாது வலு குன்றும். எஞ்சினுக்குக் கேடும் நேரலாம். எதனோல் நீரை உறிஞ்சும். பழைய இறப்பர்க் குழாய்களைச் சிதைக்கும். குளிரில் எளிதிற் பற்றாமையால், பிரேசில் நாட்டு மதுசார வண்டிகளிற் சிறு பெற்றோற்கலமொன்றும் வைக்கப்பட்டிருந்தது. ஒரு லீற்றருக்குச் செல்லுந் தூரமும் ஏறக்குறைய நாலிலொரு பங்கு குறையும்.

எனவே, எரிபொருளின் பண்புக்கேற்ப எஞ்சினை அமைத்தவிடத்தே அப்பண்பு வலுவாக மாறுகின்றது. அமையாவிடத்து அதுவே குறையாக முடிகின்றது.