பாடாமலே கிராமி விருது வாங்கிய ஜோடி: 'மில்லி வெனில்லி' குட்டு உடைந்தது எப்படி?

சினிமாவில் ஒருத்தர் பாட, இன்னொருத்தர் வாயசைப்பது சகஜம். பாடியவர் பெயர் கேசட் அட்டையிலேயே இருக்கும், யாரும் ஏமாறுவதில்லை. அந்தப் பெயரையே மாற்றிப் போட்டால்? அதுதான் 'மில்லி வெனில்லி' கதை.

ராப் பிலாட்டஸ், ஃபேப் மோர்வன் இருவரும் ஜெர்மனியின் மியூனிக் நகரில் டான்ஸ், மாடலிங் என்று வாய்ப்பு தேடி அலைந்த வாலிபர்கள். கையில் காசு கிடையாது. இவர்களை ஒப்பந்தம் போட்டு வளைத்தார் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன். 'போனி எம்' குழுவை உருவாக்கியவரும் இவரே. அதில் மேடையில் ஆடியது பாபி ஃபாரெல், ரெக்கார்டில் கேட்ட ஆண் குரல் ஃபாரியனுடையது. பழகிய கை!

சார்லஸ் ஷா, ஜான் டேவிஸ், பிராட் ஹோவெல் ஆகியோர் ஸ்டுடியோவில் பாடினார்கள். அவர்களுடைய தோற்றம் எடுபடாது என்று நினைத்த ஃபாரியன், ராப், ஃபேப் முகத்தை அட்டையில் போட்டார்.

1989-ல் அமெரிக்காவில் வெளியான 'கேர்ள் யூ நோ இட்ஸ் ட்ரூ' ஆல்பம் சக்கைப்போடு போட்டது. பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம். அதிலிருந்து மூன்று பாட்டுகளும் நம்பர் ஒன்.

அதே ஆண்டு ஜூலையில் கனெக்டிகட் மாநிலம் பிரிஸ்டலில் நிகழ்ச்சி. ஓடிக்கொண்டிருந்த பாட்டு திடீரென சிக்கி, ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னது. பதறிப்போன ராப் மேடையை விட்டே ஓடினார். ஆனாலும் விவகாரம் உடனே பெரிதாகவில்லை. ஆண்டுக் கடைசியில் சார்லஸ் ஷா நிருபர் ஒருவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, அப்புறம் வாபஸ் வாங்கினார்.

1990 பிப்ரவரியில் சிறந்த புதுமுகம் என்று கிராமி விருதும் கிடைத்தது. அடுத்த ஆல்பத்தில் நாங்களே பாடுவோம் என்று இருவரும் பிடிவாதம் பிடிக்க, நவம்பரில் ஃபாரியனே குட்டைப் போட்டு உடைத்தார். விருது பறிபோனது. ஆல்பம் வாங்கியவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்களுக்குப் பணம் திருப்பித் தரும் ஏற்பாடும் நடந்தது.

திட்டம் போட்டது ஃபாரியன், கேலிக்கு ஆளானதோ இந்த இரண்டு பேர். குடி, போதை என்று விழுந்த ராப், 1998 ஏப்ரலில் ஃபிராங்க்ஃபர்ட் அருகே ஓட்டல் அறையில் பிணமாகக் கிடந்தார். மதுவும் மாத்திரையும் காரணம் என்று தெரியவந்தது. உண்மையில் பாடிய ஜான் டேவிஸ் 2021-ல் கொரோனாவுக்குப் பலியானார். ஃபாரியன் 2024-ல் காலமானார்.

ஃபேப் மட்டும் பாட்டை விடவில்லை. பின்னாளில் ஜான் டேவிஸுடன் சேர்ந்தே மேடை ஏறி, சொந்தக் குரலில் பாடினார்.