அறிதல் பாங்கும் கணிப்பொறிப் பயன்பாடும்

ஒரே பயிற்சியைப் பெற்று, ஒரே கணிப்பொறியில், ஒரே படிவத்தை நிரப்பும் இருவருள் ஒருவர் பணியை எளிதில் முடிப்பதையும், மற்றவர் திரைக்குத் திரை தடுமாறுவதையும் பயிற்சியளிப்போர் பலரும் கண்டிருப்பர். தடுமாறுபவரை மந்தமானவர் என்றோ, புதுமையை விரும்பாதவர் என்றோ முடிவு செய்துவிடுவது எளிது. அம்முடிவு எப்பொழுதும் பொருந்துவதன்று.

செய்திகளை ஏற்று, ஒழுங்குபடுத்திப் பயன்படுத்தும் முறையில் மக்களிடையே ஓரளவு நிலையான வேறுபாடுகள் உண்டு. இவற்றை உளவியலார் ‘அறிதல் பாங்கு’ என்பர். அறிவுத்திறன் என்பது ஒருவர் ஒரு செயலை எவ்வளவு சிறப்பாகச் செய்கிறார் என்பதைக் குறிக்கும். அறிதல் பாங்கோ, அவர் அதனை எவ்வாறு செய்ய முற்படுகிறார் என்பதைக் குறிக்கும்.

கோலும் சட்டமும்

இத்துறையில் பெரிதும் ஆராயப்பட்ட பாகுபாடு, அமெரிக்க உளவியலார் ஹெர்மன் விட்கின் வகுத்ததாகும். அவரும் சாலமன் ஆஷும் 1948-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இருட்டறையில் அமர்ந்திருப்பவருக்கு ஒளிரும் சதுரச் சட்டம் ஒன்றும் அதனுள் ஒளிரும் கோல் ஒன்றும் காட்டப்பட்டன. சட்டம் சாய்ந்திருக்கையில் கோலைச் செங்குத்தாக அமைத்தல் வேண்டும். சிலர் சட்டத்தின் சாய்வையே அளவாகக் கொண்டு கோலையும் சாய்த்து அமைத்தனர். வேறு சிலர் தம் உடல் உணரும் ஈர்ப்புத் திசையைக் கொண்டு ஏறக்குறைய நேராக அமைத்தனர். முன்னவரைச் சூழல் சார்ந்தோர் எனவும், பின்னவரைச் சூழல் சாராதோர் எனவும் கூறலாம். மக்களுள் பெரும்பாலோர் இவ்விரு முனைகளுக்கும் இடையிலேயே அமைவர்.

சிக்கலான படத்தினுள் மறைந்துள்ள எளிய உருவத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையை விட்கின் 1950-இல் வெளியிட்டார். எண்ணற்ற குறிகள் நெருங்கிய திரையில் வேண்டிய ஒரு பொத்தானைத் தேடுவோர் செய்வதும் ஏறக்குறைய இதே செயல்தான்.

திரையில் தோன்றும் வேறுபாடு

அச்சிட்ட நூலின் பக்கங்கள் வாசகரை வரிசையாக அழைத்துச் செல்லும். கணிப்பொறியிலோ ஓர் இணைப்பிலிருந்து மற்றோர் இணைப்பிற்குச் செல்லும் வழியைப் பயன்படுத்துவோரே பெரும்பாலும் தெரிந்துகொள்ளல் வேண்டும். சூழல் சாராதோர் தமக்கென ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டு முன்செல்வர். சூழல் சார்ந்தோருக்கு முழுமையின் தோற்றமும், தாம் நிற்கும் இடமும் தெரிந்திருத்தல் பெரிதும் உதவும். அவை தெரியாவிடில் வழி தவறுவர்.

நைஜல் ஃபோர்டு, ஷெர்ரி சென் ஆகியோர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்கும். பட்டமேற்படிப்பு மாணவர் 73 பேருக்கு இணையப் பக்கம் அமைக்கும் முறை கணிப்பொறி வாயிலாகக் கற்பிக்கப்பட்டது. ஒரு வகைப் பாடம் எல்லாத் தலைப்புகளையும் மேலோட்டமாகக் காட்டிய பின்னரே விவரத்திற்குச் சென்றது. மற்றொரு வகை, ஒரு தலைப்பை முற்ற விளக்கிய பின்னரே அடுத்ததைத் தொட்டது. தம் பாங்கிற்கு ஒத்த வகையில் பயின்றோர், கருத்தறிவுச் சோதனையில் மேம்பட்டு விளங்கினர். எனினும், இவ்வேறுபாடு பெரும்பாலும் ஆண் மாணவரிடையே மட்டும் காணப்பட்டது.

விரைவும் பிழையும்

ஜெரோம் கேகன் 1960-களில் ஆராய்ந்த பாகுபாடும் இங்குக் கருதத்தக்கது. சிலர் விரைந்து விடையளித்து மிகுதியாகப் பிழை செய்வர். சிலர் தயங்கி ஆராய்ந்து குறைவாகப் பிழை செய்வர். ஆகவே, ஒரு பதிவை முடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தை மட்டும் கொண்டு ஒருவரை மதிப்பிடுதல் முறையன்று. திருத்த வேண்டிய பதிவுகளையும் உடன் எண்ணிப் பார்த்தால் வரிசை மாறிவிடக்கூடும்.

முத்திரை குத்துதல் தவறு

இக்கருத்துக்களை எல்லை மீறிப் பயன்படுத்தலாகாது. அறிதல் பாங்கைப் பற்றிய ஆராய்ச்சி, கணிப்பொறி அமைப்புக்களை வடிவமைக்கத் தக்க அடிப்படையாகாது என 1983-இலேயே ஜார்ஜ் ஹியூபர் வாதிட்டார். கற்கும் பாங்கிற்கேற்பக் கற்பித்தால் பயன் மிகும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என ஹரால்டு பாஷ்லரும் உடன் ஆய்வாளரும் 2008-இல் முடிவு செய்தனர். சூழல் சார்பை அளக்கும் சோதனைகள் பாங்கை அளக்கின்றனவா, திறனையே அளக்கின்றனவா என்ற ஐயமும் உண்டு. மேலும், பழக்கமும் முன்னறிவும் செயல்திறனைப் பெரிதும் மாற்றவல்லவை. எனவே, மாணவரையோ பணியாளரையோ சோதித்து, ‘இவர் இன்ன வகையினர்’ எனப் பெயரிட்டுப் பிரித்தல் ஏற்றதன்று.

செய்யத்தக்கவை

ஆட்களை வகைப்படுத்துவதினும் வழிகளைப் பலவாக்குவதே நலம். புதிய செயலியைக் கற்பிக்குமுன், படிவம் முழுவதையும் ஒரே தாளில் வரைந்து காட்டுக. எந்தத் திரைக்குப்பின் எந்தத் திரை வரும் என்பது அதில் விளங்கட்டும். பின்னர் ஒவ்வொரு படியாகச் செய்து காட்டுக. அதன்பின் சிறிது நேரம் அவரவர் விருப்பப்படி திரையில் உலவ விடுக. பதிவு செய்கையில், பிழை நேர்ந்த இடத்தைக் குறித்துக்கொள்க. பலரும் ஒரே இடத்தில் தவறுவாராயின், முதலில் ஐயுற வேண்டியது திரையின் அமைப்பையே. அதனை அமைத்தோருக்குத் தெரிவிப்பது களப்பணியாளரின் கடமைகளுள் ஒன்றாகும்.

ஒருவர் மட்டும் தவறினால், அவர் எவ்வழியில் அந்த இடத்தை அடைந்தார் என்பதைக் கேட்டறிதல் வேண்டும். திறமை இல்லை என்று தீர்ப்பளிப்பதற்கு முன் இவ்வொரு வினாவை எழுப்பினால், தகுதியுள்ள பணியாளர் பலரை நாம் இழக்காமல் இருக்கலாம்.