முழு நேரத்திலிருந்து பகுதி நேரம்: ஆசிரியைகள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

டெல்லியிலும் சுற்றுப்புறங்களிலும் உள்ள தனியார் பள்ளிகளில் கணக்கும் விஞ்ஞானமும் கற்பிக்கும் நம்மவர்கள் ஏராளம். சங்கத்துக் கூட்டங்களில் நான்கு பெண்மணிகள் சேர்ந்து நின்றால் அவர்களில் ஒருவராவது ஆசிரியையாக இருப்பார். நாற்பது வயதைத் தாண்டும்போது ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்து சேர்கிறார்கள். பிள்ளை பத்தாவது வகுப்பை எட்டுகிறான். முழங்கால் வலியும் தொடங்குகிறது. "பாதி நாள் வேலை போதுமே" என்ற எண்ணம் அப்போதுதான் எழுகிறது. நல்ல எண்ணந்தான். வேலையை அடியோடு விடுவதை விட எவ்வளவோ மேல்.

ஆனால் பெரும்பாலோர் பாதிச் சம்பளத்தில் குடும்பம் நடக்குமா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கடிதம் கொடுத்து விடுகிறார்கள். இதுவரை செய்த சர்வீஸ் என்ன ஆகும் என்று கேட்பதில்லை. நான் ஆசிரியன் அல்ல. ஆயினும் ரயில்வேயில் சர்வீஸ் ரிஜிஸ்டரோடு பழகியவர்களுக்கு முதலில் தோன்றுவது இந்தக் கேள்விதான். 1974 மே மாத வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டு 'சர்வீஸ் பிரேக்' வாங்கியவர்கள் பட்ட பாட்டை, நான் வேலையில் சேர்ந்த புதிதில் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

முதலில் கிராஜுவிட்டியைப் பார்ப்போம். தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு இது எளிதில் கிடைத்ததல்ல. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆசிரியர் அடங்கமாட்டார் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே ஆசிரியர்களுக்கும் உண்டு என்றது. அதை எதிர்த்துப் பள்ளி நிர்வாகங்கள் தொடுத்த வழக்கு 2022 ஆகஸ்டில் தள்ளுபடியாயிற்று. இவ்வளவு போராடி வந்த பணத்தை ஒரு கையெழுத்தில் குறைத்துக்கொள்வது எப்படி நேர்கிறது என்று பாருங்கள்.

கணக்கு இதுதான்: கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே முறைதான். இதில் 'கடைசியாக' என்ற சொல்லைக் கவனியுங்கள்.

ஓர் ஆசிரியை 14 ஆண்டு முழு நேரம் வேலை செய்திருக்கிறார். கணக்கில் எடுத்துக்கொள்ளும் சம்பளம் 39,000 ரூபாய். அன்று விலகினால் அவருக்குச் சேர வேண்டியது 3,15,000 ரூபாய். விலகாமல், அதே சர்வீஸில் அரைச் சம்பளமான 19,500க்கு மாறி, மேலும் 4 ஆண்டு உழைத்துவிட்டு வெளியே வருகிறார் என்று வையுங்கள். இப்போது 18 ஆண்டுக்கும் சேர்த்துக் கிடைப்பது 2,02,500 ரூபாய். நான்கு ஆண்டு அதிகம் உழைத்ததற்கு 1,12,500 ரூபாய் குறைவு! பாதிச் சம்பளம் முந்தைய பதினான்கு ஆண்டுகளையும் பாதியாக்கிவிட்டது. உடல் ஊனமுற்றுக் குறைந்த சம்பளத்திற்கு மாறியவருக்கு மட்டும் இரண்டு காலத்தையும் தனித்தனியே கணக்கிட வேண்டும் என்று 1972ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. தாமாக மாறுபவருக்கு அந்தச் சலுகை எழுதப்படவில்லை.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. சட்டம் சொல்வதற்கு மேல் நல்ல நிபந்தனைகளைப் பள்ளி தரத் தடையில்லை. ஆகவே 'முழு நேர ஆண்டுகளுக்கு முழு நேரச் சம்பளப்படி' என்று எழுத்தில் கேட்கலாம். மற்றொன்று, முறையாக ராஜினாமா செய்து, 14 ஆண்டுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, புதிய நியமனத்தில் பகுதி நேரமாகச் சேர்வது. அப்படிச் சேர்ந்தால் சீனியாரிட்டியும் சேர்த்து வைத்த லீவும் போய்விடக்கூடும். புதிய சர்வீஸுக்குக் கிராஜுவிட்டி வேண்டுமானால் மறுபடி 5 ஆண்டு ஆக வேண்டும். ஐந்து ஆண்டே ஆகாத இளம் ஆசிரியை ராஜினாமா செய்தால் பழையதும் போயிற்று. என்னைக் கேட்டால் முதல் வழியை முயன்று பார்த்த பிறகே இரண்டாவது.

பிராவிடண்ட் ஃபண்டில் இவ்வளவு ஆபத்தில்லை; சேர்ந்தது சேர்ந்ததுதான். பகுதி நேரம் என்ற காரணத்திற்காக மட்டும் பி.எஃப். கிடையாது என்று பள்ளி சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ராஜினாமா செய்து சேர்ந்தாலும் பழைய பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் அதே கணக்கில் தொடருங்கள். பென்ஷனுக்கு 10 ஆண்டு சர்வீஸ் வேண்டும். அந்தப் பென்ஷனும் 2014 செப்டம்பர் முதல் கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைப் பொறுத்தது. அதற்கு முன் 12 மாதந்தான். அரைச் சம்பளமும் பென்ஷன் திட்டத்தின் உச்சவரம்புக்கு மேலேயே இருந்தால் கவலையில்லை. அதற்குக் கீழே இறங்கினால் கடைசி ஐந்தாண்டு பகுதி நேரம் பென்ஷனைக் கடிக்கும்.

சில பள்ளிகள் பகுதி நேரத்தவருக்குச் சம்பளம் என்று கொடுக்காமல் 'கௌரவ ஊதியம்' என்று வவுச்சரில் கொடுக்கின்றன. அதில் பி.எஃப்.பும் இராது, வருமான வரியில் சம்பளக்காரருக்குள்ள நிலைக்கழிவும் இராது. கௌரவம் மட்டும் மிஞ்சும்.

பணத்தை விட்டு வேலைக்கு வருவோம். 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணை, ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்று சொல்லும்போது வகுப்புக்கான தயாரிப்பையும் அதில் சேர்த்திருக்கிறது. பள்ளி பாதியாக்குவது பீரியட்களை மட்டுந்தான். முப்பது பீரியட் பதினைந்தானாலும் அது மூன்று செக்‌ஷனாகப் பிரிந்தால், செக்‌ஷனுக்கு 40 பிள்ளைகள் வீதம் 120 நோட்டுகள் வீட்டுக்கு வரும். தேர்வு மேற்பார்வை, பெற்றோர் சந்திப்பு, சனிக்கிழமைக் கூட்டம் இவற்றில் எதற்கு வர வேண்டும் என்பதைப் பேசி முடியுங்கள். பீரியட்கள் தொடர்ச்சியாக அமைய வேண்டும் என்பதும் முக்கியம். முதல் பீரியடும் ஏழாவது பீரியடும் கொடுத்தால் அது பகுதி நேரமா என்ன?

டியூஷன் எடுத்துச் சரிக்கட்டலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதே சட்டத்தின் 28ஆம் பிரிவு, எந்த ஆசிரியரும் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. பகுதி நேரத்தவருக்கு அதில் விலக்கு எழுதியில்லை.

நம் குடும்பங்களில் பலருக்கு இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஆசிரியையின் குழந்தைக்கு அதே பள்ளியில் கிடைக்கும் கட்டணச் சலுகை. அது பகுதி நேரத்தவருக்கும் தொடருமா என்று கேட்காமல் மாறிவிட்டு, இரண்டு குழந்தைகளுக்கும் முழுக் கட்டணம் கட்டினால், கையில் நிற்கும் அரைச் சம்பளத்திலும் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும்.

கோடை விடுமுறைச் சம்பளத்தையும் கேளுங்கள். பகுதி நேரத்தவருக்குப் பத்து மாதச் சம்பளமே தரும் பள்ளிகள் உண்டு. எனவே மாதக் கணக்கை விட்டு ஆண்டுக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். மீண்டும் முழு நேரத்திற்குத் திரும்ப உரிமை உண்டா, எத்தனை ஆண்டுக்குள் என்பதும் கடிதத்தில் வர வேண்டும். பிரின்சிபால் வாய்மொழியாக "எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்பார். அடுத்த ஆண்டு அந்த நாற்காலியில் வேறொருவர் இருப்பார்.

வீட்டிலும் ஒரு பேச்சு வேண்டும். "பாதி நாள் வீட்டில்தானே இருக்கிறாய்" என்று வங்கி, ரேஷன், ஊரிலிருந்து வரும் விருந்தினரை நியூ டெல்லி ஸ்டேஷனில் அழைத்துவருவது எல்லாம் அவர் தலையில் விழும். அந்த மத்தியான நேரம் எதற்காக வாங்கப்பட்டது என்பதைக் கணவரும் பிள்ளைகளும் மாறுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளட்டும். முடிவு செய்தபின், நடு ஆண்டில் மாறாமல் ஏப்ரலில் புதிய கல்வியாண்டு தொடங்கும்போது மாறுங்கள். டைம்டேபிள் போடுபவரிடம் அதற்கு முன்பே, பிப்ரவரியிலேயே சொல்லிவிடுவது நல்லது.