கெட்ட அட்டவணையும் நல்ல தரவுத்தளமும்

ஒரு பள்ளி அலுவலகக் கணிப்பொறியில் மாணவர் பெயர், கட்டணம், நூலகம் என்று முப்பது அட்டவணைகள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றுள் நூலக அட்டவணை மட்டும் கெட்டுவிட்டது. மற்ற இருபத்தொன்பதும் கிடைக்குமா? பல சமயம் கிடைக்காது! முழுத் தரவுத்தளமுமே நின்றுவிடும். வியப்பாக இருக்கிறதல்லவா?

மைஎஸ்கியூஎல் என்னும் மென்பொருளைப் பார்ப்போம். அதில் செய்திகளைச் சேமித்து வைக்கும் பகுதியின் பெயர் இன்னோடிபி. அது பக்கம் பக்கமாக எழுதுகிறது. ஒரு பக்கம் பொதுவாக 16 கிலோபைட். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. 62, 48, 75 என்ற மதிப்பெண்களின் அடியில் ஆசிரியர் 185 என்று எழுதுகிறார். பிறகு யாரேனும் 48ஐ 43 ஆக்கினால் கூட்டல் காட்டிக் கொடுத்துவிடும். கணிப்பொறி கூட்டுவதற்குப் பதிலாக ஒருவகை வகுத்தல் செய்து மீதியைக் குறித்து வைக்கிறது. வட்டில் ஒரு பிட் மாறினாலும் மீதி ஒத்து வராது. உடனே இன்னோடிபி வேண்டுமென்றே நின்றுவிடும். பிழையைப் பரப்புவதைவிட நிற்பது நல்லது என்பது அதை எழுதியவர்களின் எண்ணம். மீண்டும் இயக்கினாலும் அதே பக்கத்தைத் தொட்டு மறுபடி நிற்கக் கூடும்.

2013இல் வந்த 5.6 பதிப்பு முதல் ஒவ்வோர் அட்டவணைக்கும் வழக்கமாகத் தனிக் கோப்பு உண்டு. அதை அழித்துவிட்டால் என்ன? புத்தகத்தை எறிந்துவிட்டுப் பட்டியல் அட்டையை விட்டு வைப்பது போலாகும் அது. உள்ளே இருக்கும் அகராதி, அட்டவணை இருப்பதாகவே நம்பிக் கொண்டிருக்கும்.

சரியான வழி இது. மென்பொருளை நிறுத்தி, எல்லாக் கோப்புகளுக்கும் முதலில் நகல் எடுங்கள். பின், அமைப்புக் கோப்பில் 'இன்னோடிபி ஃபோர்ஸ் ரிக்கவரி' என்பதை 1 என வைத்து இயக்குங்கள். இப்போது அது கெட்ட பக்கங்களைத் தாண்டிப் படிக்க முயலும். படிக்க முடிந்த வரிகளை வேறு கோப்பில் எடுத்துக் கொள்ளலாம். அடுத்து 'டிராப் டேபிள்' கட்டளை. இது கோப்பையும் அகராதிப் பதிவையும் சேர்த்தே நீக்கும். பிறகு அந்த எண்ணை 0 ஆக்கி மறுபடி இயக்கி, அட்டவணையைப் புதிதாக உருவாக்கி, மீட்ட வரிகளைச் சேர்க்கலாம். (எண் 0க்கு மேல் இருக்கும்போது புதிய வரிகளைச் சேர்க்க இயலாது.)

இந்த எண் 6 வரை போகும். 1இல் இயங்காவிட்டால் மட்டும் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். 4 முதல் கோப்புகள் நிரந்தரமாகவே கெட வாய்ப்புண்டு. நகலும் எடுக்காமல், அவசரத்தில் நேரே 6 என்று இட்டு இரண்டாண்டு ஆய்வக அளவீடுகளை இழந்தவன் நான்!

பழுது அட்டவணையில் இல்லாமல், எல்லா அட்டவணைகளுக்கும் பொதுவான அமைப்புக் கோப்பிலேயே இருந்தால் இந்த வழி பயன்படாது. அப்போது எல்லாவற்றையும் எடுத்து, தரவுத்தளத்தைப் புதிதாகக் கட்டத்தான் வேண்டும்.