எலும்புப்புரைக்கு ஸ்டெம் செல்: நிலத்தை விற்கும் முன்

“ஸ்டெம் செல் ஊசி போட்டால் எலும்பு மறுபடி வளர்ந்துவிடுமாமே? ஒரு மா நிலத்தை விற்றாவது அம்மாவுக்குப் போட்டுவிடலாமா?” இடுப்பெலும்பு முறிந்து வரும் முதியோரின் பிள்ளைகள் எங்களிடம் இவ்வாறு கேட்பதுண்டு.

எலும்பு உயிருள்ள திசு. சில செல்கள் பழைய எலும்பைக் கரைக்க, வேறு சில புதியதைக் கட்டுகின்றன. கட்டும் செல்கள் மஜ்ஜையிலுள்ள ஒருவகை ஸ்டெம் செல்களிலிருந்து தோன்றுகின்றன. முதுமையில் அந்த ஸ்டெம் செல்கள் கொழுப்புச் செல்களாக மாறுவது மிகுகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் கரைதலும் விரைவுபடுகிறது. கட்டுவதைவிடக் கரைவது மிகும்போது எலும்பு புரையோடுகிறது.

இச்செல்களை வெளியே பெருக்கி உடலுள் செலுத்தி எலும்பிழப்பைத் தடுக்கும் முயற்சி, விலங்கு ஆய்வுகளில் நற்பலன் தந்துள்ளது. ஆனால், நரம்பு வழியே செலுத்தப்படும் செல்களுள் பெரும்பகுதி நுரையீரலிலேயே தங்கிவிடுகிறது. மனிதருக்கு இம்முறை எலும்பு முறிவைத் தடுக்கும் என்று இன்னும் நிறுவப்படவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள், இரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்றவற்றுக்கான இரத்த ஸ்டெம் செல் மாற்றத்தையே வழக்கமான சிகிச்சையாக ஏற்கின்றன. எலும்புப்புரைக்கு அளிப்பதாயின், அது அனுமதி பெற்ற ஆய்வாகவே நடைபெற வேண்டும். ஆகவே, எவரேனும் இதனைப் பரிந்துரைத்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்:

1. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இதன் பதிவு எண் என்ன?
2. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உள்ளதா?
3. கட்டணம் உண்டா? ஆய்வில் சேர்பவரிடம் அதற்கெனப் பணம் பெறுதல் முறையன்று.

பயன் உறுதியான சிகிச்சைகள் இன்றே உள்ளன. டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழிருந்தால் அது எலும்புப்புரை. வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் மாத்திரை, ஆண்டுக்கொருமுறை சோலெட்ரோனிக் அமில ஊசி ஆகியன கரைதலைக் குறைக்கும். நாள்தோறும் போடும் டெரிபாரடைட் ஊசி, எலும்பு கட்டும் செல்களையே தூண்டும். எது பொருந்தும் என்பதைச் சிறுநீரகப் பரிசோதனைக்குப்பின் மருத்துவர் முடிவு செய்வார்.

நெல் விளையும் நம் பகுதியில் மூன்று வேளையும் அரிசியே உணவு. தீட்டிய அரிசி 100 கிராமில் கால்சியம் ஏறத்தாழ 10 மில்லிகிராம்தான். கேழ்வரகிலோ 300-க்கும் மேல். ஒரு வேளையேனும் கேழ்வரகும், நாள்தோறும் பால் அல்லது மோரும் சேருங்கள். குளியலறையில் கைப்பிடி, இரவில் விளக்கு, வழுக்காத தரை ஆகியவை வீழ்ச்சியைத் தடுக்கும்.

ஒருமுறை முறிந்த எலும்பு, அடுத்த முறிவுக்கான எச்சரிக்கை. வீடு திரும்பும் முன் எலும்புப்புரை மருந்தைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நிலம் உங்களிடமே இருக்கட்டும்.