பிளஸ் டூ கெமிஸ்ட்ரி: தெரிந்தும் போகிற மார்க்குகள்



"டிப்ளமோ மாணவர் மலரில் பிளஸ் டூ கெமிஸ்ட்ரியா? ஆளை விடுப்பா!" என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நிற்கவும். நம்மில் பிளஸ் டூ முடித்துவிட்டு நேராக இரண்டாம் ஆண்டில் வந்து உட்கார்ந்தவர்கள் இருக்கிறோம். அடியேனும் அந்த ரகம்தான். பத்தாவது முடித்து வந்தவர்களில் சிலர் முதல் வருஷக் கெமிஸ்ட்ரி பேப்பரை இன்னும் அரியராகச் சுமந்துகொண்டிருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன், பயப்பட வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, சனிக்கிழமை ஊருக்குப் போனால் நம் வீட்டுத் தம்பி தங்கச்சிகளுக்கு நாம்தான் டியூஷன் வாத்தியார்.

எங்கள் பக்கத்து நிலைமை போடிக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் ரோட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள். விடிவதற்கு முன்பே ஏலத்தோட்டக் கூலிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலைக்குக் கிளம்பிவிடும். அம்மாவும் அப்பாவும் அதில் போய் இருட்டும்போது திரும்பினால், பிள்ளைக்குச் சந்தேகம் தீர்த்து வைக்க வீட்டில் யார் இருக்கிறார்கள்? டவுனில் டியூஷன் வைக்கக் காசும் வேண்டும், கடைசி பஸ்ஸும் வேண்டும்.

என் சித்தி மகள் இந்த வருஷம் பிளஸ் டூ. நர்சிங் படிக்க வேண்டும் என்று ஆசை. கவர்ன்மென்ட் சீட்டுக்குப் பிளஸ் டூவில் எடுத்த பயாலஜி, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மார்க்கைத்தான் பார்க்கிறார்கள். பிரைவேட்டில் பணம் கட்டிச் சேர எங்கள் வீட்டில் வழியில்லை. அரையாண்டுத் தேர்வில் அவள் கெமிஸ்ட்ரியில் வாங்கியது 70-க்கு 31.

"எல்லாம் படிச்சுட்டுத்தான்ணே போனேன்" என்றாள். அது பொய்யில்லை. எந்தப் பாடத்தைக் கேட்டாலும் ஒப்பித்துவிடுவாள். விடைத்தாளை வாங்கி வரிவரியாகப் பார்த்தேன். போன 39 மார்க்கில் ஏறக்குறைய பாதிதான் தெரியாமல் போனது. மீதிப் பாதி, தெரிந்தும் எழுதாமல் போனது! அந்தப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வினாத்தாளின் கணக்கு. நம் சீனியர் அண்ணன்களுக்கு 2018 மார்ச் வரை தியரி 150 மார்க், மொத்தம் 1200. '70-வது கேள்வி கட்டாயம்' என்று சொன்னால் அவர்களுக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும். 2019-லிருந்து மொத்தமே 600தான். கெமிஸ்ட்ரிக்குத் தியரி 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. அந்த 70-ல் ஒரு மார்க் கேள்வி 15. இரண்டு மார்க்கில் ஒன்பதுக்கு ஆறு எழுதினால் 12. மூன்று மார்க்கிலும் ஒன்பதுக்கு ஆறு, அது 18. ஐந்து மார்க்கில் 'இது அல்லது அது' என்று ஐந்து, ஆக 25. இரண்டு மார்க்கில் 24-வதும், மூன்று மார்க்கில் 33-வதும் கட்டாயம். பெரும்பாலும் கணக்கோ, யோசித்து எழுதுகிற கேள்வியோ அங்கேதான் வந்து உட்காரும். சாய்ஸ் இருக்கிறதே என்று கணக்கை முழுக்க விட்டுவிட்டுப் போகிறவர்கள் இந்த இரண்டில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். திருத்துகிறவர் கையில் ஒரு விடைக்குறிப்பு இருக்கும். சூத்திரத்துக்கு இவ்வளவு, சமன்பாட்டுக்கு இவ்வளவு, காரணத்துக்கு இவ்வளவு என்று மார்க் அதில் துண்டு துண்டாகப் பிரிந்திருக்கும். நாம் எழுதியதை முழுக்கப் படித்து, "ஆகா, பையன் புரிந்துகொண்டிருக்கிறான்" என்று மகிழ்ந்து மார்க் போட அவருக்கு நேரம் கிடையாது. அந்தத் துண்டுகள் தாளில் இருந்தால் மார்க், இல்லையென்றால் இல்லை.

தங்கச்சி எழுதிய ஒரு பதிலையே எடுத்துக்கொள்வோம். 'காப்பர் சல்பேட் கரைசலை இரும்புப் பாத்திரத்தில் சேமித்து வைக்க இயலுமா? காரணம் கூறு.' மூன்று மார்க். அவள் எழுதியது: 'இயலாது. ஏனெனில் இரும்பு கெட்டுவிடும்.' கிடைத்தது ஒரு மார்க். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கேள்விக்கு முழுப் பதிலும் அவள் அப்பாவுக்கே தெரியும்!

ஏலச்செடிக்கு மழைக்காலத்தில் அழுகல் நோய் வரும். அதற்கு அடிப்பது போர்டோ கலவை. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். இதுதான் 1 சதவீதக் கலவை. (பிரான்ஸ் நாட்டில் போர்டோ பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களுக்காக மில்லார்டே என்ற பேராசிரியர் 1885-ல் இதை உலகுக்குச் சொன்னார். ஊர்ப் பெயரே மருந்துக்குப் பெயராகிவிட்டது.) கலவை சரியாக அமைந்ததா என்று பார்க்க, தேய்த்துப் பளபளப்பாக்கிய கத்தியையோ அரிவாளையோ அதில் கொஞ்ச நேரம் முக்கி எடுப்பார்கள். இரும்பின்மேல் செம்பு நிறம் படிந்தால், சுண்ணாம்போடு சேராத தாமிரம் இன்னும் கரைசலில் இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே அடித்தால் இலை கருகிவிடும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப்பால் சேர்ப்பார்கள். இதற்காகவே இந்தக் கலவையை இரும்பு டிரம்மில் கலப்பதும் கிடையாது.

பிளஸ் டூ மின்வேதியியல் பாடத்தில் இருப்பதும் அதே கத்திதான். காப்பரின் திட்ட ஒடுக்க மின்னழுத்தம் +0.34 வோல்ட். இரும்புக்கு −0.44 வோல்ட். மதிப்பு குறைவாக உள்ள இரும்பு எலக்ட்ரானை விட்டுக் கரைசலுக்குள் போகிறது. காப்பர் அயனி அதை வாங்கிக்கொண்டு உலோகமாகப் படிகிறது. மின்கல மின்னழுத்தம் 0.34 − (−0.44) = 0.78 வோல்ட். நேர்க்குறி வந்ததால் வினை தானாகவே நடக்கும். ஆக, பதிலில் இருக்க வேண்டியவை: 'இயலாது' என்ற முடிவு, சமன் செய்த சமன்பாடு, இரண்டு மின்னழுத்த மதிப்புகள், அவற்றின் கழித்தல், 'எனவே பாத்திரம் அரிக்கப்படும்' என்ற வரி. மொத்தமே ஐந்து வரிதான். 'கெட்டுவிடும்' என்ற ஒரு வார்த்தைக்குள் இத்தனையும் அடங்கியிருப்பது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். திருத்துகிறவருக்கு எப்படித் தெரியும்?

'காரணம் கூறு' என்று வந்தால் முடிவை மட்டும் சொல்லக்கூடாது என்று அவளுக்குப் புரியவைக்க இந்தக் கத்திதான் உதவியது. அதற்கு மேல் விளக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அடுத்து கணக்கு. 'முதல் வகை வினையொன்று 99.9 சதவீதம் முடிவடையத் தேவைப்படும் நேரம், அரைவாழ் காலத்தைப் போல ஏறத்தாழ 10 மடங்கு எனக் காட்டுக.' பழைய சிலபஸிலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. இதில் வழுக்கி விழும் இடம் ஒன்றுதான். 99.9 என்பது முடிந்துபோன அளவு. சூத்திரத்தில் கீழே போட வேண்டியது மிச்சமிருக்கும் அளவு. அதாவது 100 − 99.9 = 0.1. ஆகவே லாக்குக்குள் வருவது 100/0.1, அதாவது 1000. லாக் 1000 என்பது 3. நேரம் = (2.303/கே) × 3 = 6.909/கே. அரைவாழ் காலம் 0.693/கே. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 9.97, ஏறத்தாழ 10. முடிந்தது!

இதில் முதல் வரியாகச் சூத்திரத்தை எழுதிவிட வேண்டும். தெரிந்த சூத்திரம்தானே என்று மனசுக்குள்ளேயே போட்டுவிட்டு எண்ணில் ஆரம்பிக்கக்கூடாது. அடுத்த வரியில் கொடுத்த மதிப்புகளைப் பிரதியிட வேண்டும். நடுவில் கூட்டல் கழித்தல் பிசகினாலும், அதுவரை சரியாக எழுதிய படிகளுக்கு மார்க் உண்டு. கடைசியில் அலகு. இந்தக் கணக்கில் விகிதம் கேட்பதால் அலகு கிடையாது. வேகமாறிலி கேட்டால் முதல் வகைக்கு வினாடி⁻¹, பூஜ்ய வகைக்கு மோல் லிட்டர்⁻¹ வினாடி⁻¹. இரண்டையும் மாற்றிப் போட்டால் விடை சரியாக இருந்தும் மார்க் குறையும். நமக்கு ஒர்க் ஷாப்பில் மில்லிமீட்டர் போடாத டிராயிங்கைத் திருப்பி எறிவார்களே, அதே கதைதான்.

அணைவுச் சேர்மங்கள் என்றாலே மிரளுகிறவர்கள் ஏலக்காய் ஸ்டோருக்குள் ஒருமுறை போய் வரலாம். காய்க்கு விலையே பச்சை நிறத்தில்தான் இருக்கிறது. போடியில் ஸ்பைசஸ் போர்டு ஏல மையத்தில் மாதிரியைப் பார்ப்பவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தையும் பருமனையும்தான். அந்தப் பச்சை, குளோரோபில். அதன் நடுவில் உட்கார்ந்திருக்கும் உலோக அயனி மெக்னீசியம். காயில் அமிலத்தன்மை ஏறினால் ஹைட்ரஜன் அயனிகள் மெக்னீசியத்தை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பச்சை போய் மங்கலான பழுப்பு வந்துவிடும். அதனால்தான் பறித்த காயை 2 சதவீதச் சலவை சோடாக் கரைசலில் 10 நிமிடம் போட்டு எடுத்து உலர்த்தச் சொல்கிறார்கள். காரம் அமிலத்தை அடக்கிவிடுகிறது, மெக்னீசியம் இடத்தில் நிற்கிறது. 'குளோரோபில்லில் உள்ள மைய உலோக அயனி எது?' என்பது ஒரு மார்க். ஹீமோகுளோபினில் இரும்பு, வைட்டமின் பி12-ல் கோபால்ட் என்று கூடவே மூன்றாகப் பிடித்துக்கொண்டால் மறக்காது. ஒரு மார்க் கேள்வியில் குறியீட்டையும் எழுத வேண்டும், விடையையும் எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். இ என்று போட்டுவிட்டு ஆ-வில் உள்ளதை எழுதி வைத்தவர்களும் நம்மிடையே உண்டு.

கரிம வேதியியலில் எனக்கு ஒரு கருத்து உண்டு. சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். பெயர் வினைகளை வரிசையாக நாற்பது, ஐம்பது என்று உருப்போடுவதில் பாதி வீண். அம்புக்குறிக்கு மேலே என்ன இருக்கிறது என்பதைப் படிக்க வேண்டும். எத்தனாலும் அடர் கந்தக அமிலமும் என்று மட்டும் எழுதினால் என்ன கிடைக்கும்? 413 கெல்வினில் டைஎத்தில் ஈதர். 443 கெல்வினில் எத்திலீன். அதே ஆல்கஹால், அதே அமிலம், 30 டிகிரி வித்தியாசத்தில் வேறு பொருள்! அம்புக்கு மேல் வெப்பநிலையை எழுதாத சமன்பாடு பாதிச் சமன்பாடு. கார்பனைல் சேர்மங்களிலும் இப்படித்தான். ஆல்ஃபா ஹைட்ரஜன் இருந்தால் நீர்த்த காரத்தில் ஆல்டால் குறுக்கம். அது இல்லாத பென்சால்டிஹைடு போன்றவை அடர் காரத்தில் கானிசரோ வினை. 'ஏன் அசிட்டால்டிஹைடு கானிசரோ வினைக்கு உட்படுவதில்லை?' என்று திருப்பிக் கேட்டால், உருப்போட்டவர் விழிப்பார். நிபந்தனையைப் படித்தவர் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவார்.

ஈதர், எஸ்டர் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் மலை முழுக்க மணக்கிறதே ஏலக்காய், அந்த எண்ணெயில் பெரும்பங்கு இரண்டு பொருள்கள். 1,8-சினியோல் என்பது ஒரு வளைய ஈதர். ஆல்ஃபா-டெர்பினைல் அசிட்டேட் என்பது ஓர் எஸ்டர். பரீட்சைக்கு இது வராது. ஆனால் தங்கச்சிக்கு இதைச் சொன்ன பிறகு ஈதருக்கும் எஸ்டருக்கும் குழப்பம் வரவில்லை.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாக. மூன்று மணி நேரம் தாராளம். அதற்கு முன்னால் வினாத்தாளைப் படிக்கப் பத்து நிமிஷம் தருகிறார்கள். அதில் கட்டாயக் கேள்வி இரண்டையும் முதலில் பார்த்துவிட வேண்டும். கேள்விகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகியிருக்கும். தமிழ் மீடியம் பிள்ளைகள் ஆங்கில வரியையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. ஒரு கலைச்சொல் பிடிபடாவிட்டால் அங்கே பிடிபட்டுவிடும். 'தேவையான இடங்களில் படம் வரைந்து, சமன்பாடுகளை எழுதவும்' என்று தாளிலேயே போட்டிருக்கிறார்கள். அதை யாரும் படிப்பதில்லை!

மெட்டுக்கு அந்தப் பக்கம் பூப்பாறை, சாந்தன்பாறை என்று இருக்கும் நம் சொந்தக்காரப் பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்குக் கேரளா பிளஸ் டூ. கெமிஸ்ட்ரி தியரி 60 மார்க், இரண்டு மணி நேரம். எழுத ஆரம்பிக்கும் முன் 15 நிமிஷம் 'கூல் ஆஃப் டைம்' என்று தருகிறார்கள். பாடப்புத்தகமும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகம். நம் போடி கைடை அவர்களிடம் கொடுத்துக் குழப்ப வேண்டாம். ஆனால் கத்தியும் காப்பரும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

கடைசியாகச் செய்முறை. 20 மார்க், பயப்படாமல் நின்றால் கையில் கிடைப்பது. பியூரெட்டில் பொட்டாசியம் பர்மாங்கனேட் ஊற்றினால், நிறம் அடர்த்தியாக இருப்பதால் அடிவளைவு தெரியாது. கண்ணைக் கரைசல் மட்டத்துக்குக் கொண்டுபோய் மேல் விளிம்பைப் பார்த்து அளவெடுக்க வேண்டும். நிறமில்லாத கரைசலுக்குத்தான் அடிவளைவு. முடிவுநிலையில் மாறாத இளஞ்சிவப்பு வந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். அடர் ரோஸாக வந்தால் சொட்டு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், திரும்பச் செய்ய வேண்டும். இரண்டு அளவீடுகள் ஒத்து வந்த பிறகுதான் கணக்கு. அட்டவணையில் தொடக்க அளவு, இறுதி அளவு இரண்டையும் செய்த கையோடு எழுதிவிட வேண்டும். கைதுடைக்கும் தாளில் குறித்துவைத்துக்கொண்டு அப்புறம் எழுதலாம் என்று நினைத்தால், அந்தத் தாள் அமிலத்தில் நனைந்து போகும்.