ரப்பர் மடியும் நாற்று முடியும்

மாடே இல்லாமல் பால் கறக்கப் பழக முடியுமா?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் அப்படித்தான் பழகினார்கள். மரச்சட்டத்தில் ஒரு பையைத் தொங்கவிட்டு, அதில் ரப்பர் காம்புகளைப் பொருத்தி, உள்ளே தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, நகரத்துப் பெண்கள் காம்பைப் பிடித்துப் பீய்ச்சிப் பழகுவார்கள். முந்தின வாரம்வரை ஜவுளிக்கடையிலோ தட்டச்சு இயந்திரத்தின் முன்போ இருந்தவர்கள் அவர்கள்.

ஏன் இந்த அவசரம்? பிரிட்டன் ஒரு தீவு. அங்கே சாப்பிட்ட உணவில் பாதிக்கும் மேல் கப்பலில்தான் வந்தது. போர் மூண்டால் அந்தக் கப்பல்களை ஜெர்மனியின் நீர்மூழ்கிகள் மூழ்கடிக்கும். வயலில் வேலை செய்யும் ஆண்களோ பட்டாளத்துக்குப் போய்விடுவார்கள். அதனால் போர் தொடங்கும் முன்பே, 1939 ஜூனில், ‘பெண்கள் நிலப்படை’ ஒன்றைத் திரட்டினார்கள். முதல் உலகப் போரின்போது, 1917இல், இதே பெயரில் ஒரு படை தொடங்கிப் பிறகு கலைந்திருந்தது. இந்த முறை தலைவி டென்மன் சீமாட்டி. சசெக்ஸில் இருந்த அவருடைய பால்கோம்ப் மாளிகையே தலைமை அலுவலகமாயிற்று. போர் உச்சத்தில் இருந்தபோது படையில் 80,000 பேருக்கு மேல் இருந்தார்கள். பச்சை ஸ்வெட்டர், பழுப்புக் கால்சட்டை, தலையில் தொப்பி என்று சீருடைகூட உண்டு. கூலி மட்டும் ஆண்களைவிடக் குறைவு. இந்த ஒரு விஷயத்தில் லண்டனுக்கும் நம்ம ஊருக்கும் வித்தியாசம் இல்லை!

பயிற்சி கிடைத்தவர்களுக்கு அது சுமார் நான்கு வாரம். ரப்பர் மடியில் விரல் பழகிவிடும். ஆனால் நிஜப் பசுவிடம் போனால் வேறொரு சிக்கல் காத்திருக்கும். ரப்பர் மடி பயப்படாது; பசு பயப்படும்.

உங்கள் அப்பத்தா பால் கறப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் கன்றை அவிழ்த்துவிடுவார். கன்று முட்டி முட்டிக் குடிக்கும். சற்று நேரத்தில் அதை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் செம்பை எடுப்பார். கன்றின் மேலுள்ள இரக்கம் மட்டுமல்ல அது. கன்றின் வாய் பட்டதும் காம்பிலுள்ள நரம்புகள் மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ‘ஆக்ஸிடோசின்’ என்ற பொருளை ரத்தத்தில் விடுகிறது. அது மடிக்குப் போய்ச் சேர ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். அங்கே பால் தங்கியிருக்கும் மிக நுண்ணிய பைகளைச் சுற்றியுள்ள தசைகள் அப்போதுதான் இறுகிப் பாலைக் கீழே தள்ளும். மடி சுரந்துவிட்டது என்று நாம் சொல்வது இதைத்தான். சில நிமிடங்களில் அதன் வேகம் அடங்கிவிடும். அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். மாடு மிரண்டாலோ, அட்ரினலின் என்ற இன்னொரு பொருள் வந்து காரியத்தைக் கெடுக்கும். மாடு பாலை அடக்கிக்கொள்ளும்.

நிலப்படைப் பெண்கள் போன பண்ணைகளில் கன்றைச் சீக்கிரமே பிரித்துவிடுவது வழக்கம். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் மடியைத் துடைப்பதுதான் அங்கே பசுவுக்குச் சேதி. புது ஆள், புது வாசனை, நடுங்கும் கை என்றால் எந்தப் பசுவும் லேசில் சுரக்காது. பசுவோடு பழகி அதன் பயத்தைப் போக்க ரப்பர் மடி எப்படிக் கற்றுத்தரும்?

இப்படிப் பழகித்தான் வர வேண்டிய இன்னொரு வேலை நாற்று நடவு. அதைப் பார்க்க மதுரைக்கு வருவோம். ஊருக்கு மேற்கே, நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது கீழக்குயில்குடி. சமணர் மலை, தாமரைக் குளம், அய்யனார் கோயில் எல்லாம் பார்க்கப் பள்ளிச் சுற்றுலா போயிருப்பீர்கள். மலை மேல் பேச்சிப்பள்ளத்தில் உள்ள சிற்பங்களில் ஒன்றை சமண முனிவர் அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்தார் என்று வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறது. ஆயிரம் வருஷம் தாண்டியும் ஒரு பெண்ணின் பெயர் பாறையில் நிற்கிறது. கீழே சமவெளியில் காலம் காலமாக நாற்று நட்ட பெண்களின் பெயர் எதிலும் இல்லை.

இரண்டாம் உலகப் போர் நம்மையும் தொட்டது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும், சென்னை மாகாணம் நம்பியிருந்த பர்மா அரிசி நின்றுபோனது. அதிகம் விளைவியுங்கள் என்று அரசாங்கம் பிரசாரம் செய்தது. ஆனால் இங்கே பெண்களைப் புதிதாக வயலுக்குக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவர்கள் முன்பிருந்தே சேற்றில்தான் நின்றார்கள்.

நடவில் அப்படி என்ன படிப்பு இருக்கிறது என்று கேட்கலாம். ஏன் நட வேண்டும், விதையை நேராகத் தூவினால் ஆகாதா? ஆகும். ஆனால் களையும் கூடவே முளைக்கும். நாற்றங்காலில் மூன்று வாரம் வளர்ந்த நாற்று வயலுக்கு வரும்போது தண்ணீருக்கு மேல் தலை நீட்டி நிற்கிறது. களை விதைகளில் பலவும் தண்ணீருக்கு அடியில் காற்றுப் போதாமல் முளைக்க முடியாமல் கிடக்கும். அப்படியானால் நெல் வேருக்குக் காற்று? நெல்லின் தண்டிலும் வேரிலும் நுண்ணிய காற்றுக் குழாய்கள் உண்டு. இலை வாங்கும் காற்று அந்த வழியாக வேருக்கு இறங்குகிறது.

அடுத்தது ஆழம். நாற்றை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் புதைக்கக் கூடாது. தூர் வெடிப்பது, அதாவது பக்கத் தண்டுகள் முளைப்பது, அடிக் கணுக்களிலிருந்து. அவை சேற்றுக்குள் போய்விட்டால் தூர் தாமதமாகும்; கதிர் குறையும். நாற்று முடியிலிருந்து இரண்டு மூன்று பயிராகப் பிரிப்பது, இந்த ஆழத்தில் செருகுவது, ஒரு சாணுக்கு மிகாமல் இடைவெளி விட்டு அடுத்ததற்குப் போவது, இத்தனையையும் அளவுகோல் இல்லாமல் விரல்களே பார்த்துக்கொள்கின்றன. நட்டதை மிதிக்காதபடி பின்பக்கமாக நகர்ந்துகொண்டே!

ஒரு கணக்குப் போடுவோம். 20 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் ஒரு சதுர மீட்டரில் 50 குத்து, அதாவது 50 இடத்தில் நாற்றைச் செருக வேண்டும். ஒரு ஏக்கர் ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர். ஆக, 2 லட்சம் குத்து. பத்துப் பேர் ஒரே நாளில் நட்டு முடித்தால் ஆளுக்கு 20,000. அத்தனையும் குனிந்தபடி.

குனிவதில் என்ன இருக்கிறது? சீசா பலகையில் குட்டிப் பையன் கடைசி நுனியில் உட்கார்ந்தால், நடுவுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியவரையே தூக்கிவிடுவான் அல்லவா? உடம்பும் அப்படித்தான். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இடுப்புக்கு மேலே 25 கிலோ என்று வையுங்கள். முழுக்கக் குனிந்தால் அந்த எடை, முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி இழுக்கும். அதைப் பிடித்து நிறுத்தும் முதுகுத் தசைகளும் நார்களும் முதுகெலும்பிலிருந்து 5 சென்டிமீட்டர்தான் தள்ளியிருக்கின்றன. தூரம் ஆறில் ஒன்று. அதனால் இழுப்பு ஆறு மடங்கு வேண்டும். 150 கிலோ! சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவதற்குக் காரணம் வயசு மட்டுமல்ல.

இந்த வேலையைக் குறைக்க ஒரு வழி மடகாஸ்கரிலிருந்து வந்தது. அங்கே 1980களில் லோலானியே என்ற பாதிரியார் உருவாக்கியதை நம் ஊரில் ஒற்றை நாற்று நடவு என்கிறார்கள். 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்றே ஒன்று, இடைவெளி எல்லாப் பக்கமும் 25 சென்டிமீட்டர். ஏக்கருக்கு விதையும் இரண்டு மூன்று கிலோ போதும். மேலே போட்ட கணக்கை இந்த அளவுக்கு நீங்களே போட்டுப் பாருங்கள், எத்தனை குத்து குறைகிறது என்று தெரியும். இப்போது நடவு இயந்திரமும் வந்துவிட்டது. இடுப்புக்கு நல்லது, கூலியை நம்பியிருக்கும் பெண்களுக்கு எப்படி என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

எப்படி நட்டாலும் நல்ல நாற்றுக்கு நல்ல விதை வேண்டும். அதற்காக விதைப்பதற்கு முன் செய்யும் ஒரு சோதனையை நீங்களும் வீட்டில் செய்யலாம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, புது முட்டை ஒன்றைப் போடுங்கள், மூழ்கும். முட்டையை எடுத்துவிட்டு உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள். தண்ணீரின் அடர்த்தி கூடக்கூட, மறுபடி போட்ட முட்டை மேலே வரும். ஒரு சிறு நாணயம் அளவுக்கு அது வெளியே தெரிந்தால் போதும். இப்போது முட்டையை எடுத்துவிட்டு ஒரு கைப்பிடி விதைநெல் போடுங்கள். பால் பிடித்து முற்றிய மணி மூழ்கும், அரைகுறையானது மிதக்கும். இரண்டையும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, ஈரத்துணியில் தனித்தனியாக முடிந்து வையுங்கள். துணி காயாமல் தண்ணீர் தெளித்துவாருங்கள். ஒரு வாரம் கழித்து எதில் எத்தனை முளைத்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.